சூலையும் காய்ச்சலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு, வேறொரு நாட்டின் சிற்றூர்ப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராகக் கணக்கு கற்பித்தேன். நான்காம் மாதம் மலேரியா கண்டது. வைவாக்ஸ் வகை என்றார்கள். ஒன்பது நாட்கள் கொசுவலைக்குள் கிடந்தேன். கல்லூரிக் காலத்திலேயே கடவுளைக் கைவிட்டவன் நான். ஆறாம் நாள் இரவு, நடுக்கத்தின் நடுவே, சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனை என்னையறியாமல் வாயில் வந்தது. என்னைத் திரும்ப அழைக்கவே இறைவன் இந்தக் காய்ச்சலை அனுப்பினான் என்று இப்போது நம்புகிறேன். அதே வாரம் என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கும் காய்ச்சல். அவர்களில் ஒருவன் நான் நாடு திரும்பும்வரை பள்ளிக்கு வரவில்லை. இந்த நம்பிக்கை உண்மையானதா, அல்லது காய்ச்சலில் மூளை செய்த வேலையா? உடல் தேறியபின் இது நிலைக்குமா? நான் மறுபடியும் அங்கே போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் பிழைத்து எழுந்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் திருநாவுக்கரசரின் முதல் பதிகத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் பதில் வந்திருக்காது.

மூளை செய்த வேலையா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கணக்குப் போடுவதும் மூளை செய்யும் வேலைதான். அதனால் விடை தவறாகிவிடுவதில்லை. நிலைக்குமா என்பதை நீங்கள்தான் இருந்து பார்க்க வேண்டும்.

என்னை உறுத்துவது ‘அனுப்பினான்’ என்ற ஒரு சொல். 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள். அவர்களுக்கு யார் எதற்காக அனுப்பினார்? ஒரே ஊரில், ஒரே வாரத்தில், கொசு கடித்து நான்கு பேர் படுக்கிறீர்கள். உங்களுடையது அழைப்பு, அந்த மூன்று பிள்ளைகளுடையது வெறும் காய்ச்சல். கற்பிக்கப் போன ஊரையும் அதன் பிள்ளைகளையும் உங்கள் ஆன்மிகக் கதைக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டுவிட்டீர்களே, இது உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

அப்பர் என்ற அந்தத் திருநாவுக்கரசர் வரலாற்றில் இறைவனே, வயிற்றைக் குடையும் சூலை நோயைக் கொடுத்து ஆட்கொள்ளவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். கொடுத்ததாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது. தருமசேனர் என்ற பெயரோடு சமணத் துறவியாக இருந்த தம்பிக்காகத் திலகவதியார் வேண்ட, சூலை தந்து அவனை ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் உரைத்ததாக அதில் வருகிறது. ஆனால் அதை எழுதியவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். 7ஆம் நூற்றாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் என்ன பாடினார் என்று பாருங்கள். கூற்றுவனைப் போல வந்திருக்கும் இதை நீர் விலக்கவில்லை என்கிறார்; தான் செய்த கொடுமை எதுவென்று தெரியவில்லை என்கிறார்; குடலோடு பின்னி முடக்குகிறது, தாங்க மாட்டேன் என்கிறார். உமக்கு ஆட்பட்டு வாழத் துணிந்த பிறகும் சுடுகிறதே, தவிர்த்தருளும் என்கிறார். அழைத்ததற்கு நன்றி என்று அந்தப் பதிகத்தில் ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. (சமணத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவர், நீரையும் பூவையும் தூபத்தையும் மறந்ததே இல்லை என்று வேறு கூசாமல் பாடுகிறார். நோயாளியின் வழக்காடலில் இதெல்லாம் உண்டு. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் அது.)

காரணம் சொன்னவர் சேக்கிழார், வலித்தவர் முறையிட்டார். நீங்களோ காய்ச்சல் விட்ட ஒரே மாதத்தில் உங்களுக்கு நீங்களே சேக்கிழார் ஆகிவிட்டீர்கள். ஆறாம் நாள் இரவு வாயில் வந்த அந்தப் பிரார்த்தனையை நான் முழுமையாக நம்புகிறேன், ஐயம் வேண்டாம். பிறகு நீங்கள் அதற்கு எழுதிக்கொண்ட உரையைத்தான் நம்பவில்லை.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இதே உரையை நானும் எழுதியவன் என்பதுதான். இருபத்தெட்டு வயதில் அயல்நாட்டுப் பள்ளியொன்றில் ஓராண்டு கற்பித்தேன். எனக்கும் வைவாக்ஸ்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்தில், பற்கள் கிட்டும் குளிர், அதன்பின் அனல், அதன்பின் பாய் நனையும் வியர்வை. நானும் பிரார்த்தித்தேன், நானும் அழைக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டேன். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஆசிரியை காலையில் தன் வகுப்பையும் என் வகுப்பையும் ஒரே அறையில் நெருக்கி உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டு, மதியம் என் அறைக்கு வருவார். நலம் விசாரிக்க மாட்டார். மாத்திரை அட்டையை வாங்கி, எத்தனை குழிகள் காலியாகியிருக்கின்றன என்று விரலால் தொட்டு எண்ணுவார். நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாளோடு நானும் மாத்திரையை நிறுத்தினேன். பிரார்த்தனையும் அதோடு நின்றது.

வைவாக்ஸ் கிருமி இரத்தத்திலிருந்து அழிந்த பிறகும் கல்லீரலில் உறங்கிக்கிடக்கும்; வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொள்ளும். பதினான்கு நாள் பிரைமாக்வின் மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். இரண்டே மாதத்தில் மறுபடியும் படுத்தேன். இந்த முறை பிரார்த்திக்க வெட்கமாக இருந்தது. அந்த ஆசிரியை வந்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார், ஒன்பது மாத்திரைகள் மிச்சமிருந்த அட்டையை எடுத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வகுப்புக்குப் போனார்.

பெரியபுராணத்தில் திலகவதியாரும் இப்படித்தான். வரச்சொல்லி ஆளனுப்பிய தம்பியிடம் சமணர் மடத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்ததும் திருநீறு தருகிறார். விடியுமுன் வழக்கம்போல் துடைப்பமும் தரை மெழுகச் சாணமும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு கோயில் பணிக்குப் போகிறவர், போகிற போக்கில் தம்பியையும் கூட்டிச்செல்கிறார். தம்பிக்கு உயிர் போகும் வலி. அக்காளுக்கு வாசல் பெருக்கும் நேரம். சூலை செய்ததைவிட அந்தத் துடைப்பம் செய்தது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு ஒன்பது நாளும் தண்ணீர் வைத்தவர் யார், உங்கள் வகுப்பை எடுத்தவர் யார்? இரண்டு பக்கக் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மீண்டும் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள், அல்லது போகாதீர்கள். அது பள்ளிக்கு ஆசிரியர் தேவைப்படுகிறாரா என்பதைப் பொறுத்தது. அதற்கு முன் மருத்துவரைப் பார்த்து, பிரைமாக்வின் கொடுத்தார்களா, முழுவதும் சாப்பிட்டீர்களா என்று சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை செய்யாமல் நீங்களாக அதை வாங்கி விழுங்க வேண்டாம். சிலருக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இன்றைக்கே பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். வகுப்புக்குத் திரும்பாத அந்தப் பையனின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டு, வரும் பதிலை எனக்கும் தெரிவியுங்கள்.