‘எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்’ என்று சொல்லிவிட்டார்களா? பெண்களின் ஹார்மோன் பற்றிய கேள்வி-பதில்

மன அழுத்தம் ஹார்மோன்களைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மற்ற காரணங்களைப் பார்த்துக் கழித்த பிறகுதான் பழியை அதன்மேல் போட வேண்டும். பலருக்கு அந்தக் கழித்தல் நடக்கவே இல்லை என்பது சிங்கப்பூர் வாசகிகளிடமிருந்து வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது.

வயது 29. ஷென்டன் வேயில் கணக்காய்வு வேலை. வேலை நெருக்கும்போது மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போவது வழக்கம். இந்த முறை நான்கு மாதமாக வரவே இல்லை. ‘ஸ்ட்ரெஸ்தான், ரெஸ்ட் எடுங்கள்’ என்றார் மருத்துவர். அப்படியே விடலாமா? (பொங்கோல்)

விடக்கூடாது. பத்து நாள் தள்ளிப்போவது வேறு, நான்கு மாதம் நின்றுபோவது வேறு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்கிறது. சுழற்சியின் முன்பாதியில் ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. நெருக்கடி நீடித்தால் துடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடும். அதற்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்எச் ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காது, கருமுட்டை வெளியாவது தாமதமாகும் அல்லது நின்றுபோகும். கருமுட்டை வெளியானால் சுமார் 12 முதல் 14 நாளில் மாதவிடாய் வந்துவிடும். அதனால்தான் சுழற்சியின் முன்பாதியில் வந்த நெருக்கடி தேதியைத் தள்ளும், பின்பாதியில் வந்தது பெரும்பாலும் தள்ளாது.

மூன்று மாதம் வராமலிருந்தாலோ, இடைவெளி தொடர்ந்து 45 நாளைத் தாண்டினாலோ பரிசோதனை தேவை. முதலில் கர்ப்பப் பரிசோதனை, ‘வாய்ப்பே இல்லை’ என்றாலும் சரி. பிறகு ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்எச் (கருமுட்டை வளரத் தூண்டும் ஹார்மோன்), எல்எச், எஸ்ட்ராடியோல் (எஸ்ட்ரஜனின் முக்கிய வடிவம்). எஃப்எஸ்எச் அதிகமாக இருந்தால் சினைப்பையே முன்கூட்டி ஓய்கிறது என்று பொருள், அதற்கான வழி வேறு. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்து எஸ்ட்ராடியோலும் குறைந்திருந்தால், மற்றவற்றை விலக்கிய பின், ஹைப்போதலாமஸ் பக்கம் கை காட்டலாம்.

அப்போதும் மன அழுத்தம் தனியாக வந்திருப்பது அபூர்வம். காலையில் கோப்பி மட்டும், மதியம் மேசையிலேயே சாலட், இரவு பத்து மணிக்கு ஓட்டம் என்ற பழக்கம் கூடவே இருக்கும். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) சாதாரணமாக இருந்தாலும் இது நடக்கும். எனவே ‘ரெஸ்ட்’ என்றால் இரண்டு நாள் விடுப்பு அல்ல. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிற்றுண்டி, சோற்றையும் எண்ணெயையும் வெட்டாமல். கடும் உடற்பயிற்சியைச் சில மாதங்களுக்குக் குறைக்க வேண்டும். சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் சிலருக்குக் கைகொடுக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த நிலையிலும் ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் போல நிறைய தெரியலாம். அதைப் பார்த்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று முடிவுகட்டி, ‘எடையைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள்’ என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். கருத்தடை மாத்திரை மாதாமாதம் ரத்தப்போக்கு வரவைக்கும், ஆனால் அது மாத்திரையின் வேலை, மூளை சரியானதற்கு அடையாளம் அல்ல. எஸ்ட்ரஜன் குறைந்தே இருந்தால் எலும்பு தேயும். ஆறு மாதம் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: மீண்டு வரும்போது முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், கர்ப்பம் வேண்டாமென்றால் பாதுகாப்பு தேவை.

தாதியாக இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எப்போதும் அசதி. ‘அட்ரினல் சோர்வு’ என்று சொல்லி உமிழ்நீர் கார்ட்டிசோல் பரிசோதனைப் பேக்கேஜ் ஒன்றை விற்கிறார்கள். எடுக்கலாமா? (ஈசூன்)

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘அட்ரினல் சோர்வு’ நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய் அல்ல. கார்ட்டிசோல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தரும் அழுத்த ஹார்மோன். அது விடியலில் உச்சத்துக்கு ஏறி நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கு இந்தத் தாளமே குழம்பியிருக்கும், அவருடைய எண்ணைப் பகல் வேலைக்காரருக்கான அளவுகோலோடு ஒப்பிட்டால் எது வேண்டுமானாலும் ‘கோளாறு’ ஆகிவிடும். எஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தின் மொத்த கார்ட்டிசோல் பொய்யாக உயர்ந்து தெரியும்.

உண்மையான அட்ரினல் நோய்கள் இருக்கின்றன, அவற்றின் சாயலே வேறு. கார்ட்டிசோல் மிகுந்தால் அகலமான ஊதா வரிகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், குந்தி எழ முடியாத தொடைத் தளர்ச்சி. குறைந்தால் எடை இறங்கும், எழுந்தால் தலை சுற்றும், உப்பின்மேல் ஆசை வரும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கருக்கும். மூட்டுவலிக்கு ‘மூலிகை’ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த இப்படிப்பட்ட பொருள்கள் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் உப்பிவிட்டது என்று அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

உங்கள் அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பின் அளவு), டிஎஸ்எச், சர்க்கரை பார்த்தால் போதும். கடைசிக் கோப்பிக்கும் தூக்கத்துக்கும் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் கஃபீன் உடலைவிட்டு வெளியேற ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் ஆகும், அப்போது ஷிப்டின் முதல் கோப்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிசிஓஎஸ் இருக்கிறது. ‘கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாய்’ என்கிறார் மாமியார். உண்மையா? (உட்லண்ட்ஸ்)

இல்லை. பிசிஓஎஸ்ஸில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மன அழுத்தம் அதை உண்டாக்காது, இருப்பதை மோசமாக்கும்: தூக்கம் கெடும், இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலை) கூடும், கை தானாக இனிப்புப் பக்கம் போகும். மறுபக்கம், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம், ஆகவே மருத்துவரிடம் மனநிலையையும் சொல்லுங்கள்.

எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. 70 கிலோ இருப்பவருக்கு அது 3.5 முதல் 7 கிலோ. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே நம்பகமானது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடாதீர்கள். கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும், அதை உதிர்க்கப் புரோஜெஸ்டோஜன் மருந்து இருக்கிறது.

அப்பா இறந்து மூன்று மாதம். இப்போது குளித்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. பயோட்டின் சாப்பிடுகிறேன். (தெம்பனீஸ்)

பேரிழப்பு, கடும் காய்ச்சல், பிரசவம் இவற்றுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி இப்படிக் கொட்டும். வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கும். ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கொட்டுவதைவிட வகிடு அகன்றுகொண்டே போவது தெரிந்தால் அது வேறு வகை, தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயன் என்று சொல்ல ஆதாரம் குறைவு. கெடுதல் ஒன்று நிச்சயம் உண்டு: அதிக அளவு பயோட்டின் சில ஆய்வுக்கூட முறைகளில் டிஎஸ்எச்சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டும், இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து எழுதிவிடுவார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

வயது 47. இரவில் வியர்த்து எழுகிறேன், நெஞ்சு படபடக்கிறது, எரிந்து விழுகிறேன். பிள்ளைக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆண்டு. அழுத்தமா, மாதவிடாய் நிற்கப்போகிறதா? (ஜூரோங்)

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சிங்கப்பூரில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 49, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹார்மோன் ஏறி இறங்கும். நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறி, சில நிமிடத்தில் வியர்த்து அடங்கும் சூடு அதன் அடையாளம். அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளுக்கு மேல் மாறுவதும் அப்படியே. 45 வயதைத் தாண்டியவருக்கு இதை அறிகுறிகளை வைத்தே முடிவுசெய்யலாம். எஃப்எஸ்எச் இன்று ஒன்று காட்டும், அடுத்த மாதம் வேறொன்று. ஆனால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும், படபடப்புக்கு ஈசிஜியும் எடுக்க வேண்டும்.

வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் பொறுத்துப் போகத் தேவையில்லை. 60 வயதுக்குள் இருக்கும் பலருக்கு ஹார்மோன் சிகிச்சை பொருந்தும். கருப்பை இருந்தால் எஸ்ட்ரஜனோடு புரோஜெஸ்டரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மணிக்கொரு பேட் மாற்றும் அளவுக்குப் போக்கு இருந்தாலோ, ஓராண்டு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டாலோ, அழுத்தம் என்று தள்ளாமல் உடனே காட்டுங்கள்.

தேக்காவில் அமுக்கராப் பொடி வாங்கிப் பாலில் கலந்து குடிக்கிறேன். நாட்டு மருந்துதானே?

பதற்றத்தையும் தூக்கத்தையும் கொஞ்சம் சீராக்குகிறது என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அது தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடும், எனவே தைராக்சின் எடுப்பவர்களும் தைராய்டு மிகுந்தவர்களும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது: கண் மஞ்சளித்தால், சிறுநீர் கருத்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

புரோலாக்டின் கொஞ்சம் கூடுதல் என்று வந்திருக்கிறது. ஊசியைப் பார்த்தாலே எனக்குப் பயம். அதனால் கூடுமா?

லேசாகக் கூடும். மறுபடி எடுக்கும்போது எழுந்தவுடன் போகாமல் ஓரிரு மணி நேரம் கழித்து, உடற்பயிற்சி செய்யாமல் போய், அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பின் ரத்தம் கொடுங்கள். வாந்திக்கான டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடும் சில மனநல மருந்துகளும் இதை உயர்த்தும், மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் மனநல மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மார்பில் பால் கசிந்தாலோ, தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தாலோ அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது.