ஊசி போட்ட 34ஆம் நாள் பருவத்துக்கு வந்த பசு: உள்ளே என்ன நடந்திருக்கும்?

கேள்வி: என் பசுவுக்கு இரண்டு முறை சினை ஊசி போட்டாயிற்று. முதல் முறை 21ஆம் நாளே மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை 34ஆம் நாள்தான் வந்தது. "சினை பிடித்துக் கலைந்திருக்கும்" என்கிறார் மருத்துவர். எதுவுமே வெளியே விழவில்லையே, எப்படி நம்புவது?

பதில்: மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வயதுக் கரு செத்தால் கருப்பைக்குள்ளேயே கரைந்துவிடும், இல்லையென்றால் சளியோடு போய்விடும். கண்ணில் படாது. பார்க்க வேண்டியது நாள் கணக்கைத்தான்.

தான் சினையா இல்லையா என்பது பசுவின் கருப்பைக்குத் தானாகத் தெரியாது. கருதான் சொல்ல வேண்டும், அதுவும் கெடுவுக்குள். முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் கட்டி உருவாகிறது. சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. 16, 17ஆம் நாள் வாக்கில் கருவிடமிருந்து தகவல் வராவிட்டால், கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அலை அலையாகச் சுரந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். 21ஆம் நாளை ஒட்டிப் பசு கத்த ஆரம்பிக்கும்.

7ஆம் நாள் கரு சுமார் 0.2 மில்லிமீட்டர் உருண்டை. அப்புறம் முட்டை வடிவாகி, குழலாகி, 16ஆம் நாள் வாக்கில் சென்டிமீட்டர் கணக்கில் நீண்ட நூலாகிவிடும். அப்போதும் சுவரில் ஒட்டியிருக்காது. அந்த நூல் சுரக்கும் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதம்தான் சேதி. நீளம் கூடக்கூட அதன் அளவும் கூடும். புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கத் தூண்டுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்; அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கருப்பைச் சுவரில் பெருகாமல் இந்தப் புரதம் அடக்குகிறது. புரோஸ்டாகிளாண்டின் அலை எழாது, கட்டி பிழைக்கும். வைரஸை எதிர்க்கும் புரதக் குடும்பத்தில் பிறந்தது இந்த வேலைக்கு வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கெடு எவ்வளவு கறாரானது என்பதை 1966இல் மூர், ரவுசன் இருவரும் செம்மறி ஆட்டில் காட்டினார்கள். பருவம் கண்ட 12ஆம் நாளுக்குள் வேறோர் ஆட்டின் கருவை, சினையில்லாத ஆட்டின் கருப்பைக்குள் வைத்தால் சினை நின்றது. அதன் பிறகு வைத்தால் பெரும்பாலும் நிற்கவில்லை. (எல்லாப் பாலூட்டிக்கும் ஒரே சேதி இல்லை. மனிதக் கரு எச்சிஜி ஹார்மோனையும் பன்றிக் கரு ஈஸ்ட்ரோஜெனையும் அனுப்புகின்றன. குதிரைக் கரு 16ஆம் நாள் வரை கருப்பை முழுக்கச் சுற்றிவருகிறது.)

சரி, உங்கள் பசுவுக்கு வருவோம். முதல் முறை ஒன்று கரு உண்டாகவே இல்லை, அல்லது சேதி சொல்லும் முன்பே செத்திருக்கிறது. பருவத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டாம் முறை சேதி போய்ச் சேர்ந்து, கட்டி பிழைத்து, பிறகு கரு இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் முட்டையும் விந்தும் கூடுவதில் சிக்கல் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: அந்த ஊசி உண்மையான பருவத்தில்தான் போடப்பட்டதா? தவறான நாளில் போட்டிருந்தாலும் இப்படிக் கணக்கு தவறும்.

இந்த 34ஆம் நாள் பருவத்திலேயே அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம். சில சினைப் பசுக்களும் பருவ அறிகுறி காட்டும். ஊசிக் குழல் கருப்பைக்குள் போனால் இருக்கிற கன்றும் கலையலாம். முதலில் ஸ்கேன். காலி என்று உறுதியாகி, சளி கண்ணாடிபோல் தெளிவாகவும் இருந்தால் போடலாம். சீழோ கலங்கலோ தெரிந்தால் கருப்பைக்கு வைத்தியம் முதலில்.

ஊசி போட்ட முதல் சில நாட்கள் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஞ்சுக் கரு சூட்டுக்கு மிகவும் வாடும். பசு மெலிந்துகொண்டே போனாலோ மடிநோய் வந்தாலோ கரு நிற்பது கடினம். அடுத்த முறை 28 முதல் 30 நாளுக்குள் ஸ்கேன் பாருங்கள், சினை என்று வந்தாலும் 60ஆம் நாளை ஒட்டி இன்னொரு முறை பாருங்கள். அதிலும் இதேபோல் தாமதமாகத் திரும்பினால், கருச்சிதைவு நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.