மனு பார்க்கப் போகும் முன்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் வேலையாக பாங்காக் போகிறேன். அங்கே ஒரு பெரிய சிறைக்கு சுற்றுலா வந்தவர்களும் போய் வெளிநாட்டுக் கைதிகளைப் பார்த்துவிட்டு வருவார்களாம். நம்மூர்க்காரர் யாராவது இருந்தால் ஒரு எட்டு மனு பார்த்துவிட்டு, அதாவது சிறையில் சந்தித்துவிட்டு, வரலாமா? என்ன வாங்கிக்கொண்டு போவது? நார்வே சிறை லாட்ஜ் மாதிரி, தாய்லாந்து சிறை நரகம் என்கிறார்களே, உண்மையா?

செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

நீங்கள் கேள்விப்பட்டது பாங் குவாங் சிறை. பாங்காக்குக்கு வடக்கே நொந்தபுரியில், சாவ் பிரயா ஆற்றையொட்டி இருக்கிறது. நீண்ட தண்டனைக்காரர்களும் மரண தண்டனை பெற்றவர்களும் அடைபட்டிருக்கும் இடம். வாசலில் ஏதோ ஒரு கைதியின் பெயரைச் சொல்லி உள்ளே போன காலம் ஒன்று இருந்தது. அதை நம்பிப் படகு ஏறாதீர்கள். இப்போது கைதி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். யார் உள்ளே இருக்கிறார் என்று தூதரகமும் உங்களுக்குச் சொல்லாது, சொல்லவும் கூடாது. குடும்பத்தார் வழியாகக் கடிதம் போட்டு, அவர் சம்மதித்த பிறகே பயணச்சீட்டு.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். பட்டியலில் வெறும் 'செந்தில்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். நகல் போதாது, அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். கைதி இருக்கும் கட்டடத்துக்கு எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முறுக்கும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சிறைக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம், அல்லது அவர் கணக்கில் பணம் கட்டலாம். பணம்தான் மேல். சோறு சிறை போடும். சோப்பு, பற்பசை, தபால்தலை, கொஞ்சம் நல்ல சாப்பாடு எல்லாம் காசுக்குத்தான். உள்ளூர்க் கைதிக்கு மனைவியோ அம்மாவோ வந்து கட்டிவிட்டுப் போவார்கள். வெளிநாட்டுக்காரருக்கு யார் வருவது? காசில்லாதவர் அடுத்தவர் துணியைத் துவைத்துக் கொடுத்துத்தான் சோப்பு வாங்குவார்.

இனி நரகமும் லாட்ஜும். தாய்லாந்துச் சிறையில் படுக்கை தரைதான், பக்கத்தில் இருப்பவரின் தோள் இடிக்கும். பிற்பகலில் பூட்டினால் விடிந்துதான் திறப்பு. பாங் குவாங்கில் காலில் சங்கிலியோடு இருந்தவர்களுக்கு 2013-இல்தான் அதைக் கழற்றினார்கள். 2010-இல் திறந்த நார்வேயின் ஹால்டன் சிறையில் ஆளுக்கொரு அறை, அறைக்குள்ளேயே கழிப்பறை, கம்பியில்லாத ஜன்னல். ஆனால் அதே நார்வே 2015 முதல் 2018 வரை நெதர்லாந்தில் நோர்கர்ஹாவன் சிறையை வாடகைக்கு எடுத்துத் தன் கைதிகளை அங்கே வைத்தது. இடம் வசதிதான், ஆனால் மனு பார்க்க வருகிறவர் நாடு தாண்டி வர வேண்டியிருந்தது.

ஜப்பானில் தோக்கியோ பக்கம் ஃபுச்சூ சிறை. வெளிநாட்டுக் கைதிகள் பலர் அங்கே. சுத்தம், ஒழுங்கு, அடிதடிக்குப் பயமில்லை. ஆனால் தண்டனைக் கைதிக்குச் சட்டம் உறுதி தரும் குறைந்தபட்சம் மாதம் இரண்டு சந்திப்பு, நான்கு கடிதம். அதையும் அதிகாரி கேட்கலாம், படிக்கலாம். அவருக்குப் புரியாத மொழி என்றால் மொழிபெயர்ப்புச் செலவு கைதி தலையில் விழலாம். தமிழில் "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பதற்குக் காசு. என்னைக் கேட்டால், வெளிநாட்டுக் கைதியின் சிறையைக் கட்டிலையும் ஜன்னலையும் வைத்து அளப்பது தப்பு. மாதத்தில் எத்தனை நிமிடம் தன் மொழியில் பேச முடிகிறது என்று பாருங்கள்.

போனால் ஆறுதலோடு நிறுத்திவிடாமல், ஊருக்கு மாற்றும் வழி பற்றிக் கேளுங்கள். கைதிகளை மாற்றிக்கொள்ள இந்தியாவும் தாய்லாந்தும் 2012-இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இந்தியப் பக்கத்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம். தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், கைதி சம்மதிக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதத் தண்டனை பாக்கி இருக்க வேண்டும். தாய்லாந்துச் சட்டப்படி பொதுவாகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கு ஆண்டு, இதில் எது குறைவோ அது கழிந்திருக்க வேண்டும். மேல்முறையீடு முடியாமல் தொங்கினால் மாற்றக் கோரும் விண்ணப்பம் கிடப்பில் விழும். அது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை வருடம் கழிந்தது என்று கேட்டு வந்து குடும்பத்திடம் சொல்லுங்கள். அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதியலாம். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள், விவரங்களை மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எழுதிவிடுங்கள்.