அப்பாயிக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க அப்பாயி போன வருஷம் தவறிட்டாங்க, 84 வயசு. ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளியில 1962ல டீச்சரா சேர்ந்து அங்கயே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி 1999ல ரிட்டயர் ஆனாங்க. வீட்லயும் கல்யாணம் காதுகுத்து எதுவா இருந்தாலும் அவங்கள கேக்காம ஒண்ணும் நடக்காது. வருஷத் திதிக்கு நினைவு மலர் போடலாம்னு இருக்கோம், எழுதுற பொறுப்பு எங்கிட்ட வந்துருச்சு. உட்காந்தா "அன்பின் உருவம், தியாகச் சுடர்"னுதான் வருது, அதுல எங்க அப்பாயியே இல்ல. டைரி எதுவும் கிடையாது, டிரங்க் பெட்டியில வீட்டுக் கணக்கு நோட்டுங்கதான் இருக்கு. பெரிய அத்தை வேற "எங்கம்மா ஊரு புள்ளைங்களுக்குத்தான் அம்மா, எங்களுக்கு ராத்திரி மட்டுந்தான்"னு அழுவுறாங்க. இதெல்லாம் மலர்ல போடலாமா?
(ஒரு பேத்தி, குளித்தலை)

பதில்: தங்கச்சி, டைரி இல்லேன்னு கவலைப்படாதீங்க, அந்தக் கணக்கு நோட்டை முதல்ல வெளிய எடுங்க. எங்க அம்மாவும் டீச்சர்தான், அதனால ஒண்ணு சொல்றேன். 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு, 13 எழுத்தோட வடிவம் மாறுச்சு, ணை லை ளை னை எல்லாம் அதுவரைக்கும் மேல துதிக்கை வச்ச மாதிரி எழுதுவாங்க, பெரியார் 1935லயே தன்னோட குடியரசு பத்திரிகைல மாத்தி அச்சடிச்சிருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அப்பத்தான். எங்க அம்மா போர்டுல புது லை எழுதுவாங்க, வீட்டுக்கு வந்து மளிகை சிட்டைல "வெல்லம், கடலை"ன்னு எழுதுறப்ப கை தானா பழைய துதிக்கை லை போட்டுரும், கடைசி வரைக்கும் அப்படித்தான். உங்க அப்பாயி 16 வருஷம் ஒரு மாதிரி சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் மாத்தினவங்க. அந்த வருஷத்து நோட்டைப் பாருங்க, பழசும் புதுசும் ஒரே பக்கத்துல கிடந்தா அதை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்க. பத்து பக்கம் புகழ்ந்து எழுதுறதவிட அந்த ஒரு பக்கம் எனக்குப் பெருசு.

பழைய மாணவர்கள்கிட்ட "டீச்சர் எப்படி"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் தங்கமானவங்கன்னுதான் சொல்லுவாங்க. மத்தியானம் பள்ளிக்கூடத்துல என்ன நடக்கும்னு கேளுங்க. காமராஜர் காலத்து மதிய உணவு ஊர்க்காரங்க பங்கும் சேர்ந்துதான் நடந்துச்சு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தப்புறம் அது பெருசாச்சு, இந்த ரெண்டு காலத்தையும் பார்த்த டீச்சர் அவங்க. யாருக்கு எவ்வளவு சோறு போட்டாங்க, லீவு போட்ட புள்ள வீட்டுக்கு யாரு போனாங்க, அறுப்பு நேரத்துல வயலுக்குப் போன பசங்களை எப்படித் திருப்பிக் கொண்டு வந்தாங்க, இப்படிக் கேட்டா வாய் தானா திறக்கும். போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க, அவங்க பேசுற பேச்சு அப்படியே வரட்டும், நீங்க திருத்தாதீங்க.

இப்ப அத்தை விஷயம், எனக்கு உங்க லெட்டர்லயே அதான் முக்கியம். சிஸ்டர் சுப்பலட்சுமி தெரிஞ்சிருக்கும், சின்ன வயசுலயே விதவையாகி, 1911ல சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பி.ஏ. முடிச்சு, இளம் விதவைப் பொண்ணுங்களை வச்சுப் படிக்க வச்சு டீச்சராக்கின அம்மா, அந்தப் பொண்ணுங்க தங்கிப் படிச்ச சாரதா இல்லம், ஐஸ் ஹவுஸ் விடுதி எல்லாம் அவங்க உழைப்புதான். ஆனா அந்த வீட்டுல கூடவே நின்னு பொண்ணுங்களைப் பார்த்துக்கிட்டது அவங்க சித்தி வாலாம்பாள், அவங்களும் விதவைதான். சிஸ்டர் பேரு தெரிஞ்ச எத்தனை பேருக்குச் சித்தி பேரு தெரியும்? உங்க அப்பாயி காலைல கிளம்பிப் போனப்ப சின்னப் புள்ளைங்களுக்குத் தலை பின்னி விட்டது யாரு, சாயங்காலம் அடுப்பு பத்த வச்சது யாரு? பெரிய அத்தையாத்தான் இருக்கும்னு என் மனசு சொல்லுது. அப்படின்னா அந்த 37 வருஷ சர்வீஸ்ல அத்தையோட வேலையும் இருக்கு, அவங்க அழுகைய மறைச்சுட்டு மலர் போட்டா பாதி கதைதான் போடுறீங்க.

அதனால போடலாமான்னு கேக்காதீங்க, போடணும். ஆனா நீங்க எழுதாதீங்க, அத்தைய எழுதச் சொல்லுங்க. எழுத வராதுன்னா சொல்லச் சொல்லி நீங்க எழுதிப் படிச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொன்னப்புறம் பிரஸ்ஸுக்குக் குடுங்க. மத்த சித்தப்பா பெரியப்பா யாராவது "நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்கு"ம்பாங்க, அவங்களுக்கும் ஒரு பக்கம் குடுங்க, அவங்க ஞாபகத்தை அவங்க எழுதட்டும்.

பிறந்த தேதி, வேலைல சேர்ந்த தேதி எல்லாம் பழைய ஆர்டர், சர்டிபிகேட், பென்ஷன் புக் இதுங்களோட ஒத்துப் பார்த்துக்குங்க, வாய்ல சொல்ற வருஷம் ஒண்ணு ரெண்டு மாறும். எழுத்து கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க, படிக்கப் போறவங்கள்ல பாதி பேருக்கு இப்ப கண்ணாடி. அச்சானதும் முதல் காப்பிய எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போங்க.