அடித்தால் திருந்துவானா? போதைப்பொருள் பற்றி வாசகர்கள் கேட்டவை

பிள்ளைகளும் போதைப்பொருளும் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்ற வரியோடுதான் முடிந்திருந்தன. மானத்துக்குப் பயந்து வீட்டுக்குள் மறைக்கும் அந்த மாதங்கள்தான் சிகிச்சைக்கு மிகத் தோதான மாதங்கள். கேள்விகளுக்குப் பதில் தருபவர்கள் மறுவாழ்வுத் துறையில் இருக்கும் மருத்துவரும் ஆலோசகரும்.

பள்ளிப்பையில் லேபல் இல்லாத வேப் ஒன்றைப் பார்த்தேன். மகனுக்கு 15 வயது, படிவம் மூன்று. "வெறும் வாசனைதாம்மா" என்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*ஒரு தாய், ஜெலுத்தோங்*

பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, அம்மா. வேப் திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். அதில் நிக்கோட்டின் கலந்திருந்தாலும் செயற்கைக் கஞ்சா கலந்திருந்தாலும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. மேலே ஊற்றிய மாம்பழ வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். உங்கள் மகன் பொய் சொல்கிறான் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். போதைக் காளான் வேப் என்று விற்பவன் உள்ளே காளானைத்தான் ஊற்றினான் என்பதற்கு யார் சாட்சி?

கருவியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். நிக்கோட்டின் மட்டும் என்றால், ஒன்றிரண்டு மணி நேரம் இழுக்காமல் இருந்தாலே எரிச்சல், பதற்றம், அடிக்கடி கழிவறைக்கு ஓட்டம். செயற்கைக் கஞ்சாவின் அடையாளங்கள் வேறு: கண் சிவப்பு, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, கூப்பிட்டால் திரும்பாமல் ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது, சில வேளைகளில் வலிப்பு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், வேப் கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தகத்தில் விற்கும் சிறுநீர்ச் சோதனை அட்டையை நம்பி உட்காராதீர்கள். கஞ்சாவைக் காட்டும் அட்டை செயற்கைக் கஞ்சாவைக் காட்டாது, வேதிப்பொருளே வேறு. சியாபு, அதாவது மெத்தாம்பேட்டமின், இரண்டு முதல் நான்கு நாள் வரைதான் சிறுநீரில் தெரியும். ஹெரோயினும் ஏறக்குறைய அப்படித்தான். எப்போதாவது கஞ்சா இழுப்பவனுக்கு மூன்று நாள், தினமும் இழுப்பவனுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். ஆகவே அட்டையில் ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் எடுக்கவில்லை என்று பொருளில்லை. இருமல் மருந்து குடித்தவனுக்கு அட்டை தப்பாகக் காட்டுவதும் உண்டு.

கோபம் ஆறிய பிறகு, அவன் பசியாறிவிட்டு இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றால் வாய் மூடிவிடும். "யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்து வாங்கினாய், இழுத்தால் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள், பதில் வரும். கார் பயணம் இதற்கு நல்ல இடம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்று: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கருவியை எட்டாத உயரத்தில் வையுங்கள். 5 விழுக்காடு நிக்கோட்டின் திரவம் என்றால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். நடக்கப் பழகும் குழந்தை அதைச் சப்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கோயில் மண்டபத்தில் போதை ஒழிப்புச் சொற்பொழிவு வைத்தோம். எலும்புக்கூடு படம், தூக்குக் கயிறு படம் எல்லாம் திரையில் காட்டினோம். பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கோளாறு?
*இளைஞர் பிரிவுப் பொறுப்பாளர், செந்தூல்*

படத்தில்தான் கோளாறு. சியாபு இழுக்கும் அண்ணன் ஒருவர் மோட்டாரில் வந்து போவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் காட்டிய எலும்புக்கூட்டை அவர்கள் எங்கும் பார்த்ததில்லை. ஒன்று பொய் என்று பட்டுவிட்டால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய டேர் திட்டம் இதற்குப் பெரிய பாடம். போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து பேசினார்கள், டி-சட்டை கொடுத்தார்கள், நாடு முழுவதும் நடந்தது. பிற்பாடு ஆய்வு செய்து பார்த்தால் போதைப் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதுவும் இல்லை.

ஐநாவின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் தடுப்புப் பணிக்கென்று வெளியிட்ட தர வழிகாட்டி (2013, பிறகு 2018இல் இரண்டாம் பதிப்பு), பயமுறுத்தலும் பழைய போதையாளரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பதும் பலன் தருவதில்லை என்கிறது. அந்த இரண்டாவதைத்தான் நம் சங்கங்கள் விரும்பிச் செய்கின்றன! மேடையில் நிற்பவர் நன்றாக உடுத்தி, கைதட்டு வாங்கிப் பேசும்போது 14 வயதுப் பையன் எடுத்துக்கொள்வது, "எடுத்தாலும் மீண்டு வரலாம் போலிருக்கிறதே" என்பதைத்தான். அவரைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அங்கே அவர் பேச்சு உதவும்.

ஒருநாள் சொற்பொழிவை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறையாகப் பத்து முதல் பதினைந்து வாரம் நடத்துங்கள். ஒரு குழுவில் 12 முதல் 15 பேர் போதும். படிவம் ஒன்றையும் படிவம் ஐந்தையும் கலக்காதீர்கள். கேள்விப்படாத போதைப்பொருளின் பெயரைச் சின்னவர்கள் உங்கள் வகுப்பில் கற்றுக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வாரமும் பாதி நேரம் பயிற்சியாக இருக்கட்டும்: ஒருவன் நீட்டுகிறான், மற்றவன் மறுக்கிறான், பிறகு இடம் மாறுகிறார்கள். "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்ற நினைப்பை உடைப்பது இன்னொரு வேலை. தன் வயதில் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பெயரில்லாத சீட்டில் எழுதச் சொன்னால், உண்மையைவிடக் கூடுதலாகவே எழுதுவார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். பின்விளைவைச் சொல்லும்போது 40 வயதில் வரும் நோயைச் சொல்லாதீர்கள். சியாபுவால் பல் உடைவதையும், மூன்று நாள் தூங்காதவனுக்குச் சுவரில் யாரோ பேசுவது கேட்பதையும் சொல்லுங்கள், கேட்பார்கள்.

கால்பந்துப் போட்டி வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டி முடிந்ததும் திடலோரம் யார் என்ன வாங்கித் தருகிறார்கள் என்று பாருங்கள்.

நண்பர்கள் நீட்டும்போது "வேண்டாம்" என்றால் கிண்டல் செய்கிறார்கள். ஒருவன், பொட்டலம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 200 வெள்ளி தருவதாகச் சொல்கிறான். "நீ எடுக்கவில்லையே, கொடுக்கத்தானே போகிறாய்" என்கிறான்.
*17 வயது வாசகர், செராஸ்*

தம்பி, முதலில் இரண்டாவதைச் சொல்கிறோம், அதுதான் அவசரம். போகாதே. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டப்படி, பொருள் உன் பொறுப்பில் இருந்தால் அது உன்னுடையது என்றும், அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றும் நீதிமன்றம் அனுமானிக்கலாம். "உள்ளே என்ன என்று தெரியாது" என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். கஞ்சா 200 கிராம், சியாபு 50 கிராம், ஹெரோயின் 15 கிராம் எட்டிவிட்டால் கடத்தல் என்ற அனுமானமும் வந்துவிடும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக நீதிபதி கொடுக்கக்கூடியது 30 முதல் 40 ஆண்டுச் சிறை, குறைந்தது 12 பிரம்படி. மரண தண்டனையும் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அவன் ஏன் தானே கொண்டுபோகவில்லை என்று யோசித்துப் பார்.

மறுப்பதற்கு வருவோம். விளக்கம் சொல்லாதே. நீ ஒரு காரணம் சொன்னால் அவர்கள் இரண்டு பதில் வைத்திருப்பார்கள். "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் வேறு பேச்சு எடு. மறுபடி நீட்டினால் அதே சொல், அதே குரல். மூன்றாவது முறை எழுந்து போய்விடு. போவதற்கு வழி வேண்டும், அதனால் அடுத்தவன் மோட்டாரில் போகாதே, ஒரு கிராப் கட்டணத்துக்குக் காசு தனியே வைத்திரு. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவை: வெறும் புள்ளி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே கூப்பிட்டு "வீட்டுக்கு வா" என்று திட்ட வேண்டும். அம்மா திட்டுகிறார் என்று கிளம்புவதை யாரும் பெரிதாகக் கிண்டல் செய்வதில்லை.

19 வயது மகன் சியாபு எடுக்கிறான். நானே போய்ச் சொன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமா? இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டேன்.
*ஒரு தந்தை, பட்டர்வொர்த்*

அடித்தது போதும் ஐயா, அது அவனை வீட்டுக்கு வெளியேதான் தள்ளும்.

வழி இரண்டு இருக்கிறது. போலீஸ் பிடித்துச் சிறுநீரில் தெரிந்தால் 1952 போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு: 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அதன்பிறகு இரண்டு மூன்று ஆண்டு கண்காணிப்பு. பையில் பொருளும் இருந்தால் வழக்கு இன்னும் பெரிது. மற்ற வழி, அவனே முன்வந்து சிகிச்சை கேட்பது. 1983ஆம் ஆண்டின் போதை அடிமைகள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. மாநில, மாவட்ட ஏஏடிகே அலுவலகத்துக்கு, அதாவது தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்துக்கு, நேரே போகலாம். இது தண்டனைக்கான வழியல்ல, சிகிச்சைக்கான வழி. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். உங்கள் மகனுக்கு 19 என்பதால் அவன் சம்மதம் வேண்டும். போலீஸ் கையில் சிக்கிய பிறகு இந்த வழி எளிதில் திறக்காது. ஆகவே இந்த வாரமே போங்கள்.

போகும்போது அடையாள அட்டையும், அவன் சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலும் எடுத்துச் செல்லுங்கள். பொருளையோ குழாயையோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட வேண்டாம். அலுவலகம் போகத் தயங்கினால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து (அரசுச் சுகாதார நிலையம்) கடிதம் வாங்கலாம். ஹெரோயினுக்குத் தரும் மெத்தடோன் போல சியாபுவுக்கு மாற்று மருந்து கிடையாது. பேச்சுச் சிகிச்சையும் நேர ஒழுங்கும்தான் மருந்து. மாத்திரை ஒன்றில் குணமாக்குவதாக யாராவது பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

தம்பியை அறையில் பூட்டிவைத்தால் எத்தனை நாளில் தெளியும்?
*ஒரு சகோதரி, ஆயர் ஈத்தாம்*

எதை எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது, பூட்டு மட்டும் எதற்கும் வேண்டாம்.

ஹெரோயின் என்றால் கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணி நேரத்தில் மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் தணியும். உயிர் போகும் நோவு போலத் தெரிந்தாலும் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான். இரண்டு வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. கதவு திறந்த அன்றே பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். மெத்தடோன் திட்டம் இங்கே 2005 முதல் நடக்கிறது. ஊழியர் முன்னிலையில் தினமும் குடிக்கும் மருந்து. 30 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள், பலருக்கு 60 முதல் 120 வரை தேவைப்படும். "குறைவாகக் கொடுங்கள்" என்று வீட்டார் மருத்துவரை நெருக்குவது தவறு. அளவு போதாதவர் வெளியே போய் மீதியைத் தேடுவார்.

சியாபு என்றால் உடல் நோவு குறைவு. முதல் வாரம் தூக்கமும் பசியும், கூடவே கடும் மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வரும் கட்டம் இது, இந்த நாள்களில் தனியறைப் பூட்டு மிகவும் மோசமானது.

எரிமின் 5 போன்ற தூக்க மாத்திரையோ, தினசரி சம்சு சாராயமோ என்றால் வீட்டில் திடீரென்று நிறுத்தவே கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், சிலர் அதில் இறந்தும் போகிறார்கள். மருத்துவமனையில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கெத்தும் இலைதானே, இயற்கையானதுதானே?
*நிபோங் தெபால் வாசகர்*

எருக்கம்பாலும் இயற்கைதான். கெத்துமில் உள்ள மித்ராகைனின் மூளையில் அபின் பிடிக்கும் அதே இடத்தைப் பிடிக்கிறது. தினமும் குடிப்பவருக்கு நிறுத்தினால் உடல்வலி, தூக்கமின்மை வரும். இளைஞர்கள் அதை இருமல் மருந்தோடும் கோலாவோடும் கலப்பதுதான் பெரிய சிக்கல், கெத்துமும் இருமல் மருந்தும் சேர்ந்து மூச்சை அமுக்கும். கெத்தும் வைத்திருந்தால் 1952 நச்சுப்பொருள் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது நான்கு ஆண்டு வரை சிறை.

நண்பர் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? மோர் கொடுக்கலாமா?
*கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்*

மோர், எலுமிச்சைச் சாறு, காப்பி எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். தலையில் தண்ணீர் ஊற்றுவதும் வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் உடனே 999. என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அபின் வகைக்கு மருத்துவமனையில் முறிமருந்து இருக்கிறது, ஆனால் அதுதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மூச்சு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். குறட்டை போலக் கொரகொரவென்று சத்தம் வந்தால் "நன்றாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். உதடு நீலமாகிறதா, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். செயற்கைச் சுவாசம் தெரிந்தவர் 30 அழுத்தலுக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம்.

சியாபு, எக்ஸ்டசி எடுத்தவர் உடல் கொதித்து, உளறி, மார்பைப் பிடித்துக்கொண்டால் அதுவும் 999தான். நெருக்கமில்லாத, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். கட்டிப்போட்டால் உடல் சூடு இன்னும் ஏறும்.