பாடகரைப் பற்றிய படத்தில் பாட்டே போதாதா, பின்னணி இசைக்கு என்ன வேலை?

கதாநாயகரே பாடகர், படம் முழுக்கக் கச்சேரியும் பாட்டுமாக இருக்கிறது, அதற்கு மேல் தனியாக ரீரெக்கார்டிங் (ஆர்.ஆர்.), அதாவது காட்சிகளுக்குப் பின்னணி இசை சேர்ப்பது, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. மற்ற படங்களைவிட அதிகமாகவே இருக்கிறது என்பேன். மேடையில் பாடுவதெல்லாம் ஊருக்காக. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தால் அந்த மனிதர் வாயே திறக்க மாட்டார். அப்போது அவர் மனசில் ஓடுவதை வசனத்தில் சொன்னால் செயற்கையாக இருக்கும், பாடவைத்தால் இன்னொரு கச்சேரி ஆகிவிடும். ஆர்.ஆர். அங்கேதான் வேண்டியிருக்கிறது.

நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். அதில் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரரைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வள்ளி பாட்டை முடித்து வசனத்துக்கு வந்ததும் ஆர்மோனியம் பட்டென்று நிற்காது. துருத்தியை மெல்ல அமுக்கிக்கொண்டு சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும், அதாவது ‘ச’வையும் ‘ப’வையும், மட்டும் பிடித்திருப்பார். நாரதர் தர்க்கத்தைக் கிளப்பி, பேச்சு சூடானால் அதையும் விட்டுவிடுவார். அடுத்த பாட்டுக்கு ஒரு வரி முன்னால், வசனம் ஓடும்போதே, அந்த ராகத்தில் ஒரு சின்னப் பிடி விழும். நடிகர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பேச்சிலிருந்து பாட்டுக்கு ஏறிவிடுவார். கேட்கிறவர்களுக்கு இடையில் கோடே தெரியாது. எவ்வளவு பெரிய வித்தை இது! இவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதவே போதாது.

சினிமாவில் இது இன்னும் சிரமம், காரணம் பேசுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக் குரல் திருப்தி தராததால், பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். நாற்பது வருஷம் கழித்து வந்த ‘சிந்து பைரவி’யில் (1985) பாடகர் ஜே.கே.பி.யாக நடித்தவர் சிவகுமார், பாடியவர் யேசுதாஸ். இரண்டு தொண்டைகளை ஒரே ஆள் என்று நம்மை நம்பவைக்க வேண்டும். முகமும் உதட்டசைவும் கொஞ்ச தூரம்தான் வரும், மீதியை இசைதான் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்யும்? முதலில் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக நிற்கும் ஸ்வரம்; அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பாடகி கச்சேரியில் ஐந்து கட்டையில் பாடுகிறார் என்று வையுங்கள். அடுத்த காட்சியில் வீட்டில் அழுகிறார். அங்கே சம்பந்தமே இல்லாத சுருதியில் வயலின் கூட்டம் நுழைந்தால், வேறு யாரோ அழுவதுபோல் இருக்கும். அதே ஐந்து கட்டையில் ஒரு தாழ்ந்த நாதம் நின்றால் போதும், மேடையில் பாடியவரே இங்கேயும் இருக்கிறார். கச்சேரியின் கடைசியில் குறிஞ்சி, நவரோஜ் மாதிரி ராகங்களுக்கு மத்யம சுருதிக்கு (‘ம’வையே ‘ச’வாக வைத்துப் பாடுவது) போவார்களே, அதுபோல அந்தச் சுருதியின் மத்யமத்தையே புது ஆதாரமாக வைத்துக்கொண்டாலும் உறவு அறுபடாது, மனநிலை மட்டும் மாறும். அடுத்தது இடம் விடுவது. குரல் உலாவும் ஸ்தாயியிலேயே (ஸ்வர உயரத்திலேயே) புல்லாங்குழலும் வயலினும் அலைந்தால், பிறகு அவர் பாடும்போது காது களைத்திருக்கும்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, ஹிட்டான பாட்டின் மெட்டையே ஒவ்வொரு சோகக் காட்சியிலும் குழலில் ஊதுவது. ஊருக்குப் பாடியதையே தனிமையிலும் திரும்பக் கேட்டால், அவருக்கென்று உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாதா?

பாட்டே நாடகத்தைச் சுமக்கும் இடங்களும் உண்டு. ‘சிந்து பைரவி’யில் வரும் ‘பாடறியேன் படிப்பறியேன்’ நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கி, சாரமதி ராகத்தில் வளர்ந்து, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’வில் முடிகிறது. காம்போஜியில் பாடப்படும் அந்தத் தெலுங்குக் கீர்த்தனையை இளையராஜா சாரமதிக்குக் கொண்டுவந்தார். தமிழில் பாடக்கூடாதா என்று ஜே.கே.பி.யிடம் சிந்து என்ற பெண் தொடுக்கும் வழக்கு முழுவதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே நடக்கிறது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதும் இதே வழக்குக்காகத்தான். இப்படிப்பட்ட இடத்தில் பின்னணி இசை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்குத் தேசிய விருது கிடைத்தபோது பாடலுக்கும் பின்னணிக்கும் சேர்த்து ஒரே விருதுதான். 2009-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்து இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். பின்னாளில் ‘தாரை தப்பட்டை’க்காக அவருக்குக் கிடைத்தது பின்னணி இசைக்கான விருது. கரகாட்டக் கலைஞர்களின் கதை அது, ஆட்டமும் பாட்டும் கொட்டிக் கிடக்கும் படம். இருந்தும் நடுவர்கள் எடுத்துப் பாராட்டியது அதன் பின்னணி இசையை.