ஷெர்லக் ஹோம்ஸ் போர்டு கேம்களைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பெட்டி மேல் தொப்பியும் பைப்பும் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள். உள்ளே நம்மை யோசிக்க வைக்கிறதா என்று பாருங்கள். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு அலமாரியில் பதினொரு பெட்டிகள் இருக்கின்றன. அடிக்கடி கீழே இறங்குவது மூன்றுதான்.

முதலில் வாங்க வேண்டியது ‘ஷெர்லக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்’. 1981ல் வந்தது, 1985ல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது பெற்றது. பகடை உருட்டும் வேலையே இல்லை. ஒரு லண்டன் வரைபடம், முகவரிப் புத்தகம், வழக்குப் புத்தகம், ஒவ்வொரு வழக்குக்கும் தேதி போட்ட ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான். யாரைப் போய்ப் பார்ப்பது என்று நாமே முடிவு செய்து அந்த முகவரிக்கான பத்தியை வாசிக்க வேண்டும். கடைசியில் மதிப்பெண். ஹோம்ஸுக்கு 100. அவரைவிட அதிகமாக ஏறி இறங்கிய ஒவ்வொரு வாசலுக்கும் நமக்கு 5 குறையும்.

இதை நான் அம்மாவோடுதான் விளையாடுவேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, தரையில் விரித்த வரைபடத்தில், போய்வந்த இடங்களிலெல்லாம் புளியங்கொட்டை வைத்துக்கொண்டே வருவார். ஒரு வழக்கில் நான் சந்தேகப்பட்ட ஆட்கள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த வெளம்பரத்த இன்னொருக்கா வாசிய்யா” என்றார். செய்தித்தாளின் மூலையில் நாலே வரி. முடிச்சு அங்கேதான் இருந்தது. எந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன், நீங்கள் விளையாட வேண்டுமே.

விடை தெரிந்த பெட்டியை ஏன் வைத்திருக்கிறாய் என்று பலர் கேட்பார்கள். மற்றவர்களுக்கு நடத்திக் காட்டத்தான். மாடி வீட்டுப் பிள்ளைகள் விளையாடும்போது வாசிப்பது நான். எல்லாம் தெரிந்தும் முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருப்பது, விளையாடுவதைவிடச் சுவையான வேலை.

அடுத்து, எழுபதுகளில் வந்த ‘221பி பேக்கர் ஸ்ட்ரீட்’. இதில் பகடை உண்டு, கடை கடையாகப் போய்த் துப்பு குறித்துக்கொள்ள வேண்டும். சிறுவர்களுக்கு இதுதான் சரி. வடிவமைத்தவர் பெயர் ஜே மோரியார்டி. ஹோம்ஸின் பரம எதிரியின் பெயர், ஆனால் இவருக்கு நிஜப் பெயரே அதுதான்! 2016ல் வந்த ‘பியாண்ட் பேக்கர் ஸ்ட்ரீட்’டில் நம் சீட்டை நாம் பார்க்கக் கூடாது, எதிரில் இருப்பவர்தான் பார்த்துக் குறிப்பு கொடுக்க வேண்டும். ஒருமுறை விடை தெரிந்ததும் தீர்ந்துபோகிற விளையாட்டு இல்லை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம்.

ஃபன்ஸ்கூலின் ‘ஸ்காட்லாண்ட் யார்ட்’டில் ஹோம்ஸ் கிடையாது. ஆனாலும் மிஸ்டர் எக்ஸை டாக்ஸியிலும் பஸ்ஸிலும் துரத்தித்தான் எனக்கு இந்தப் பித்தே பிடித்தது, அதனால் அதுவும் அலமாரியில் இருக்கிறது. ஹோம்ஸ் கதைகள் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த 1904லேயே பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட சீட்டு விளையாட்டு ஒன்று உண்டு. அதை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நீங்களும் மும்பை என்றால் மழைக்காலத்தை மறக்காதீர்கள். ஜூன் பிறந்தால் அட்டை நெளியும், சீட்டு ஒன்றோடொன்று ஒட்டும். வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். சீட்டுகளுக்கு ஸ்லீவ், அதாவது பிளாஸ்டிக் உறை, போட்டுவிடுங்கள்.

பழைய பெட்டி வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. ஒருவரிடம் வாங்கிய பெட்டியில் ஒரே ஒரு செய்தித்தாள் இல்லை. அம்மா கண்டுபிடித்ததுபோல நாலு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால்? அந்த வழக்கை இன்றுவரை நாங்கள் தொடவில்லை. பணம் அனுப்புவதற்கு முன்னால், செய்தித்தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.